இரண்டு திர்ஹம்கள்: சொந்தமாகத் தொழில் தொடங்கியவரின் முதல் வருடம்

ஜும்ஆ பேருரை, கங்கைகொண்டான்

அல்ஹம்துலில்லாஹ். எல்லாப் புகழும் படைப்புகள் அனைத்துக்கும் ரிஸ்க் அளிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக. முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்கிறேன்.

அன்பிற்குரிய சகோதரர்களே!

நம் ஊரைச் சுற்றி இன்று இரண்டு வகையான பிழைப்பு இருக்கிறது. ஒன்று சிப்காட் வளாகத்தில். டயர் கம்பெனி, சோலார் கம்பெனி என்று வேலை. மாதம் பிறந்தால் சம்பளம். இன்னொன்று, தாழையூத்திலிருந்து கயத்தாறு வரை நான்குவழிச் சாலையின் இருபுறமும் எழும்பிக்கொண்டிருக்கிற வீடுகளில். கொத்து வேலை, பெயிண்ட், வயரிங், டைல்ஸ். இங்கே மாதச் சம்பளம் கிடையாது. வேலை இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

போன வாரம் பஜ்ருத் தொழுகை முடிந்து உட்கார்ந்திருந்தேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி வந்தார். பல வருடங்கள் ஒரு கான்ட்ராக்டரிடம் டைல்ஸ் வேலை பார்த்தவர். இப்போது ஒன்பது மாதமாகச் சொந்தமாக எடுத்துச் செய்கிறார்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார்.

"சொல்லுங்க தம்பி."

"வேலை முடிச்ச வீட்ல பாக்கி இன்னும் வரல. சனிக்கிழமை கையாளுக்குக் கூலி கொடுக்கணும். என்கிட்ட இல்ல. வீட்டுக்காரர் தந்தாத்தான் தருவேன்னு சொன்னா அது குற்றமா ஹஜ்ரத்?"

நான் மஸ்அலாவைச் சொன்னேன். "தம்பி, கையாளை வேலைக்குக் கூப்பிட்டது நீங்க. அவருக்கும் உங்களுக்கும்தான் பேச்சு. வீட்டுக்காரர் தந்தாலும் தராவிட்டாலும் அந்தக் கூலி உங்க மேல கடன்." தலையை ஆட்டினார். ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பாக்கி எந்த வீட்டுப் பாக்கி என்று அவர் சொல்லவில்லை. அதை இந்த உரையின் கடைசியில் சொல்கிறேன்.

இன்றைய பேச்சு இந்தத் தம்பியைப் போன்றவர்களுக்காக. முதல் வருடத்தில் நின்றுவிட்டால் பிறகு தொழில் காலூன்றிவிடும். அந்த ஒரு வருடத்தைக் கடப்பது எப்படி?

இரண்டு திர்ஹம்கள்

அபூதாவூதில் அனஸ் ரலியல்லாஹு அன்ஹு அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீஸின் கருத்தைக் கேளுங்கள். அன்சாரிகளில் ஒருவர் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டார்கள். ஒரு துணி இருக்கிறது, பாதியை விரித்துப் பாதியைப் போர்த்திக்கொள்கிறோம்; தண்ணீர் குடிக்க ஒரு பாத்திரம் இருக்கிறது என்றார். அவற்றைக் கொண்டுவரச் செய்து, நபியவர்களே ஏலம் விட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் கேட்டார். கூடுதலாகத் தருவது யார் என்று இரண்டு மூன்று முறை கேட்டபின், இன்னொருவர் இரண்டு திர்ஹமுக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு திர்ஹமை என்ன செய்தார்கள்? ஒன்றைக் கொண்டு குடும்பத்துக்கு உணவு வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். இன்னொன்றைக் கொண்டு ஒரு கோடாரி வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கி வந்ததும், தங்கள் முபாரக்கான கையாலேயே அதற்குக் கைப்பிடி போட்டுக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்றுவாரும், பதினைந்து நாள் உம்மை நான் பார்க்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் பத்து திர்ஹம் சம்பாதித்துத் திரும்பி வந்தார்.

சகோதரர்களே! கையில் இருந்தது இரண்டே காசு. அப்போதும் வீட்டுக்காசு வேறு, தொழில்காசு வேறு என்று நபியவர்கள் பிரித்தார்கள். முதல் வருடத்தில் தொழிலை விடுகிறவர்களை இந்த மிம்பரில் இருந்துகொண்டு பல வருடமாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் வேலை கிடைக்காமல் அவர்கள் விழவில்லை. பிறர் காசும் தன் காசும் ஒரே சட்டைப்பையில் கலந்துபோனதால் விழுந்தார்கள்.

முதல் திர்ஹம்: வீடு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரை, ஸ்கர்ட்டிங், குளியலறை எல்லாம் சேர்த்து ஆயிரம் சதுர அடி வேலை. சதுர அடிக்கு 30 ரூபாய் பேசியதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 30,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது. வேலை 12 நாள். கையாளுக்கு ஒரு நாளைக்கு 800 வீதம் 9,600 போகும். பைக் பெட்ரோல் 1,800. கட்டர் பிளேடு, ஸ்பேசர், சில்லறைச் செலவு 1,600. மொத்தச் செலவு 13,000. மிச்சம் 17,000.

அதுவும் 12 நாளுக்கு இல்லை. அடுத்த வேலை தொடங்க மூன்று நாள் இடைவெளி விழுந்தால், 15 நாளுக்கு அதுதான். ஒரு நாளைக்கு 1,133 ரூபாய். இப்போது வீட்டுக்காரர் 5,000 ரூபாயைப் பாக்கி வைக்கிறார். மிச்சம் 12,000. ஒரு நாளைக்கு 800. என்ன ஆயிற்று? மேஸ்திரிக்கும் கையாளுக்கும் ஒரே கூலி ஆகிவிட்டது. நஷ்டம் வந்தால் மட்டும் அது மேஸ்திரியின் தலையில்.

ஆகவே தம்பிகளே, 30,000 வந்தது என்று நினைத்து வீட்டில் செலவைக் கூட்டாதீர்கள். அதில் எது உங்களுடையது என்று வேலை முடிவதற்குள் எழுதிப் பாருங்கள். அந்த ரூபாய்க்குள் வீடு நடக்கட்டும். வீட்டம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மறைத்துவைத்த கணக்கால்தான் வீட்டில் சண்டை வருகிறது.

மழைக்காலத்தையும் கணக்கில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சிமெண்டும் மணலும் ஏற்றுவதே சிரமம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணிக் கரை எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும். நம் இந்துச் சகோதரர்கள் ஆடியிலும் மார்கழியிலும் புதுவீடு புகமாட்டார்கள். அதனால் அதற்கு முந்தைய மாதங்களில் மூன்று வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். பிறகு போன் அடிக்காது. வேலை குவிகிற மாதத்தில் எடுத்து வைத்தவர் வேலை இல்லாத மாதத்தில் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை. யூஸுஃப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் மிஸ்ர் நாட்டுக்குச் சொல்லிக்கொடுத்த திட்டமும் இதுதான். செழிப்பான ஏழு வருடத்தில் கதிரோடு சேமித்துவைத்து, பஞ்சத்தின் ஏழு வருடத்தைக் கடக்கச் செய்தார்கள்.

வேலை இல்லாத நாளில் வீட்டில் படுத்திருப்பது தவக்குல் ஆகாது. காலையில் பசித்த வயிற்றோடு கூட்டைவிட்டுக் கிளம்பி, மாலையில் வயிறு நிறைந்து திரும்பும் பறவையை நபியவர்கள் தவக்குலுக்கு உதாரணம் சொன்னார்கள். பறவை கிளம்பிப் போகிறது! நீங்களும் பைக்கை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த வீட்டில் பூச்சு வேலை நடக்கிறதோ, அடுத்து அங்கே டைல்ஸ் வேலை வரும். இறங்கி ஸலாமோ வணக்கமோ சொல்லிப் பேசுங்கள்.

இரண்டாவது திர்ஹம்: கோடாரி

நபியவர்கள் வாங்கச் சொன்னது அடுத்த வேளை உணவைச் சம்பாதித்துத் தரும் கருவியை. முதல் வருடத்தில் புது பைக்கும் பெரிய போனும் கோடாரி ஆகாது. நல்ல கட்டர், நேர்மட்டம் காட்டும் ரசமட்டம், ரப்பர் சுத்தி, முழங்காலுக்குப் பட்டை இவையெல்லாம் கோடாரி. ஒவ்வொரு வேலையிலும் ஒரு சிறு பங்கை இதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். பிளேடு தேய்ந்த அன்று கடன் வாங்க ஓடாதீர்கள்.

உங்கள் உடம்பும் அல்லாஹ் தந்த அமானிதம். டைலை உலர வெட்டினால் பறக்கும் வெள்ளைத் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் படிந்துவிட்டால் பிறகு எடுக்க முடியாது. தண்ணீர் விட்டு வெட்டுங்கள். முகக்கவசம் போடுங்கள். கட்டரின் மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்யாதீர்கள்.

தாவூது அலைஹிஸ்ஸலாம் அவர்கள் தங்கள் கையால் உழைத்து உண்டார்கள் என்று புகாரியில் வருகிறது. அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மிருதுவாக்கிக் கொடுத்தான். போர்க்கவசம் செய்யும்போது அதன் வளையங்களைச் சரியாக அளவிட்டுச் செய்யும்படி ஸபஃ ஸூராவில் கட்டளையிடுகிறான். ஒரு நபிக்கு, அதுவும் ஓர் அரசருக்கு, அல்லாஹ் தொழிலில் அளவைக் கற்றுக்கொடுக்கிறான்! அளக்காமல் விலை சொல்லாதீர்கள். "சும்மா பார்த்துச் சொல்லுங்க மேஸ்திரி" என்பார்கள். டேப்பை எடுங்கள்.

பேசியதை எழுதுங்கள்

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது. அல்பகரா ஸூராவின் 282-வது வசனம். சிறிதோ பெரிதோ, எழுதுவதற்குச் சலிப்படைய வேண்டாம் என்று அல்லாஹ் சொல்கிறான்.

நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "நம்ம மாமாதான, எழுதவா வேணும்?" என்று தொடங்குகிறார்கள். முடியும்போது மாமாவும் இல்லை, மருமகனும் இல்லை. மூஸா அலைஹிஸ்ஸலாம் அவர்கள் மத்யனில் ஒரு பெரியவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, எட்டு வருடம், விரும்பினால் பத்து என்று முதலிலேயே பேசி, அல்லாஹ்வைச் சாட்சியாக வைத்தார்கள். நாளை மாமனாராகப் போகிறவரிடமே பேசித்தான் தொடங்கினார்கள்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். எத்தனை சதுர அடி, என்ன விலை? ஸ்கர்ட்டிங் அடிக்கணக்கா, சேர்த்தா? படிக்கட்டு தனியா? பழைய தரையை உடைப்பது யார்? டைல்ஸ் பெட்டியை மாடிக்கு ஏற்றும் கூலி யாருடையது? பணம் எந்தக் கட்டத்தில் எவ்வளவு? ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். போனில் ஒரு படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

டைலுக்கு அடியில்

ஒரு நாள் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது.

டைல்ஸ் வேலைக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான ஹதீஸ் உண்டா? மேலே பளபளப்பு, அடியில் காற்று. தட்டினால் டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். குஜராத் மோர்பியிலிருந்து லாரியில் வந்து இறங்குகிற இந்தக் காலத்து விட்ரிஃபைட் டைல் ஈரத்தை அநேகமாக உறிஞ்சாது. பழைய டைலுக்குச் செய்ததுபோல் சிமெண்ட் பாலை மட்டும் நம்பினால் பிடிப்பு குறையும். அடி முழுவதும் பசை பிடிக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரு பொட்டு வைத்து ஒட்டிவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் கழித்து ஒரு பாத்திரம் விழுந்தால் தெரியும். அல்லாஹ்வுக்கு அன்றைக்கே தெரியும்.

இன்னொரு விஷயம், கடைக் கமிஷன். வீட்டுக்காரரை ஒரு டைல்ஸ் கடைக்குக் கூட்டிப்போனால், கடைக்காரர் மேஸ்திரிக்குப் பின்னால் ஒரு தொகை தருகிறார். வீட்டுக்காரருக்குத் தெரியாது. முதல் வருடத்தில் பணமுடையில் இது பெரிய சோதனை. நபியவர்கள் ஸகாத் வசூலிக்க அனுப்பிய ஒருவர் திரும்பிவந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தந்தது என்றார். இவர் தன் தாய் தந்தை வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபியவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை நாமும் நம்மிடம் கேட்போம். வீட்டுக்காரர் உங்களை நம்பித்தானே அந்தக் கடைக்கு வந்தார்? அவருக்காக நீங்கள் பொருள் வாங்கும்போது கிடைக்கும் தள்ளுபடி அவருக்குச் சேர வேண்டும். கடைக்காரர் ஏதாவது தந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவர் மனமுவந்து "வச்சுக்கோங்க" என்றால் அது ஹலால்.

முன்பணமும் அப்படித்தான். சிமெண்ட் வாங்கத் தந்த பணம் அமானிதம். கூலிக்காகத் தந்த முன்பணம் இன்னும் செய்யாத வேலைக்கான பொறுப்பு. மூன்று வீட்டில் முன்பணம் வாங்கி மூன்று பேரிடமும் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்கிற பழக்கம் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும்? பேசினால் பொய், வாக்களித்தால் மாறு, நம்பினால் மோசம், இவை நயவஞ்சகனின் அடையாளங்கள் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். மூன்றும் ஒரே வேலையில் வந்துவிடுகிறதே!

வடமாநிலத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு வருகிறார்கள் என்று சில தம்பிகள் வருந்துகிறார்கள். அவர்களும் பிள்ளைகளை விட்டுவிட்டு ரிஸ்கைத் தேடி வந்தவர்கள்தான். அவர்களைத் திட்டாதீர்கள், விலையில் போட்டி போட்டுப் படுத்தும் விடாதீர்கள். உங்களிடம் இருப்பது, "சொன்ன தேதிக்கு வருவார், அடியில் ஏமாற்றமாட்டார்" என்ற பேர். அந்தப் பேர் ஒரு வருடத்தில் பக்கத்து நான்கு ஊருக்குப் போகும்.

கடன் வாசல்

பணம் முடங்கும்போது திறந்திருக்கும் முதல் வாசல் வட்டிக்காரருடையது. நபியவர்கள் தொழுகையில் கடனைவிட்டுப் பாதுகாப்புத் தேடினார்கள். கடன்பட்டவர் பேசினால் பொய் சொல்கிறார், வாக்களித்தால் மீறுகிறார் என்று காரணமும் சொன்னார்கள். 2017 அக்டோபர் 23 அன்று நம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்ததை நெல்லைக்காரர் யாரும் மறந்திருக்கமாட்டோம். கந்துவட்டி நெருக்கடியில் ஒரு கூலித் தொழிலாளி, அவர் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், நான்கு உயிர் போயிற்று. கந்துவட்டிக்கு எதிரான சட்டம் 2003-லேயே இருந்தது. அவர்கள் பக்கத்தில்தான் ஆள் இல்லை.

தம்பிகளே, அந்த வாசலுக்குப் போகுமுன் இந்தப் பள்ளிவாசலுக்கு வாருங்கள். ஏற்கெனவே போய் மாட்டிக்கொண்டவரும் வெட்கப்படாமல் வாருங்கள். இரவு எந்நேரமானாலும் என் கதவைத் தட்டுங்கள். உயிரைவிடப் பெரிய கடன் எதுவுமில்லை.

அரசாங்கத்தில் உள்ள உரிமையையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 வயது முடிந்து 60 வயதுக்குள் உள்ளவர்கள் பதிவு செய்யலாம். விபத்துக்கும், பிள்ளைகள் படிப்புக்கும், திருமணத்துக்கும் உதவி உண்டு. கையாளையும் கையோடு கூட்டிப்போய்ப் பதிவு செய்யுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இதுவும் கயிறுதான்.

கைப்பிடி போடும் கை

இனி வேலை கொடுக்கிறவர்களோடு பேசுகிறேன். மறுமையில் மூன்று பேருக்கு எதிராக நானே வழக்காடுவேன் என்று அல்லாஹ் சொல்வதாகப் புகாரியில் ஒரு ஹதீஸ் குத்ஸி இருக்கிறது. அதில் ஒருவர், கூலிக்கு ஆள் அமர்த்தி, முழு வேலையையும் வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுக்காதவர். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுங்கள் என்ற கருத்தில் இப்னுமாஜாவில் ஹதீஸ் வருகிறது. இந்த ஹதீஸ்களை இந்த மிம்பரில் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அன்று பஜ்ருக்குப் பிறகு மஸ்அலா சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். சமையலறையில் தேநீருக்காக நின்றேன். காலுக்குக் கீழே புது டைல்ஸ். அப்போதுதான் உறைத்தது. போட்டுக் கொடுத்தது அந்தத் தம்பிதான். பாக்கி 4,000 ரூபாய் என்னிடம் இருந்தது. இரண்டு மாதமாக. ஒரு டைலின் ஓரம் லேசாகச் சிதைந்திருந்தது, அதைச் சரிசெய்யட்டும், தரலாம் என்று வைத்திருந்தேன். அதைச் சரிசெய்ய வாருங்கள் என்று நான் அவரைக் கூப்பிடவும் இல்லை.

உடனே பணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "ஏன் தம்பி, என்கிட்ட கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"உங்ககிட்ட எப்படி ஹஜ்ரத் கேக்குறது?" என்றார்.

சகோதரர்களே! கேட்க முடியாத மரியாதையை எனக்கு அவர் தந்தார். அந்த மரியாதைக்குப் பின்னால் நான் அவருடைய கூலியை வைத்திருந்தேன். மஸ்அலா கேட்க வந்தவர் கையாளின் உரிமைக்காகப் பயந்தார். மஸ்அலா சொன்னவனுக்கு அந்தப் பயம் இல்லாமல் போயிற்று. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அல்லாஹ்விடமும் கேட்கிறேன். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். வேலையில் குறை இருந்தால் அன்றைக்கே சொல்லுங்கள். அந்தக் குறைக்குரியதை மட்டும் நிறுத்துங்கள். மீதியைக் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஹதீஸில் கோடாரியை வாங்கியவர் அந்த அன்சாரி. கைப்பிடி போட்டுக் கொடுத்தது அல்லாஹ்வின் தூதர். நம் ஜமாஅத்தின் வேலை அந்தக் கைப்பிடி போடுவதுதான். வட்டியில்லாமல் அழகிய கடன் கொடுக்க ஒரு சிறு நிதியை நம் பள்ளியில் தொடங்க வேண்டும் என்று நிர்வாகிகளிடம் கேட்டிருக்கிறேன். அந்தத் தம்பியின் அனுபவம் கற்றுத் தந்ததால், முதல் தொகையாக என் பங்கு 4,000 ரூபாயை இன்று வைக்கிறேன். வசதியுள்ளவர்கள் சேருங்கள். அதற்கும் முன்னால், இன்று தொழுதுவிட்டு வீட்டுக்குப் போனதும் உங்கள் வீட்டுத் தரையை, சுவரை, கதவை ஒருமுறை பாருங்கள். யாருடைய பாக்கியாவது அங்கே இருந்தால் அஸருக்குள் கொடுத்துவிடுங்கள்.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று தன் அருளைத் தேடும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான். அப்போதும் தன்னை அதிகமாக நினைக்கச் சொல்கிறான். வேலையிடத்திலும் அல்லாஹ்வை நினைத்தவருக்குத்தான் அந்த டைலின் அடிப்பக்கம் சுத்தமாக இருக்கும்.

யா அல்லாஹ்! கையால் உழைத்துப் பிழைக்கும் எங்கள் சகோதரர்களின் ரிஸ்கில் பரக்கத் செய்வாயாக. தொழில் தொடங்கிய பிள்ளைகளின் முதல் வருடத்தை இலேசாக்குவாயாக. கடன்பட்டவர்களின் கடனை நீக்குவாயாக. எங்களிடம் உள்ள பிறருடைய உரிமைகளை நாங்கள் மவ்த்தாகுமுன் கொடுத்து முடிக்கும் பாக்கியத்தைத் தருவாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.